தெரு பெருகுது, வழி குறையுது: சென்னைக்குத் தெற்கே முட்டுச்சந்துகள்

நன்மங்கலம்வாசி · 4 ஜனவரி 2025, காலை 7.40

தி. நகரில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் போய்விடலாம். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகரிலும் அப்படித்தான். மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், நன்மங்கலம் பக்கம் வந்தால் கதை வேறு. தெருக்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் பாதி முட்டுச்சந்து. மீதிப் பாதி மெயின் ரோட்டில்தான் போய் விழுகிறது. நெரிசலுக்கு வண்டிப் பெருக்கத்தையே எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். நிலத்தைத் துண்டு போட்ட விதம்தான் முதல் காரணம் என்கிறேன். நகரம் வளர வளரத் தெருவின் நீளம் கூடுகிறது, இணைப்பு குறைகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

சங்கிலி66 · 4 ஜனவரி, காலை 9.15

மறுப்பு இல்லை, காரணத்தைக் கொஞ்சம் விரிக்கணும்.

மாம்பலம் ஏரி நிலத்தில் தி. நகர் வந்தது 1920-ம் வருட நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு. முழு நிலத்தையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு, பனகல் பூங்காவை நடுவில் போட்டு, தெருக்களை முதலில் வரைந்தார்கள், மனை பிறகுதான். அண்ணா நகரும் அதே வழி. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டுவசதி வாரியம் மொத்தமாக நிலம் எடுத்துப் போட்டது. நிலம் முழுதும் ஒரே ஆள் கையில் இருந்தால் தெரு தொடரும்.

தெற்கில் நிலம் ஒரே கையில் இருந்ததே இல்லை. அது ஏரிப் பாசன நஞ்சை. சர்வே எண்கள் நீள நீளமாக, அகலம் குறைவாக இருக்கும். ஒரு குடும்பம் விற்கும், பக்கத்துக் குடும்பம் பத்து வருஷம் கழித்து விற்கும். முதலில் வாங்கிய புரமோட்டர் வண்டிப்பாதையிலிருந்து ஒரு 24 அடி ரோட்டை நீளவாக்கில் உள்ளே இழுத்து, இரண்டு பக்கமும் மனை போட்டுவிடுவார். எல்லை வந்ததும் ரோடு நின்றுவிடும். அடுத்தவர் வந்து அதே மாதிரி இன்னொன்று போடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலத்து வரப்பு இருந்த இடத்தில் இப்போது காம்பவுண்டுச் சுவர்.

சங்கிலி66 · 4 ஜனவரி, காலை 9.50

விட்டுப்போனது: திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியும் (மனைப்பிரிவு போடுபவர் பூங்கா மாதிரிப் பொது இடம் விடணும் என்பது) இதில் சேரணும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடே கிடையாது. 3,000 முதல் 10,000 வரை, சாலை போக மீதியில் 10 சதவீதத்தை இடமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ கொடுக்கலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் தானம் கொடுக்கணும். 10,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 247 சென்ட். 2 ஏக்கர் 40 சென்ட் அளவில் மனைப்பிரிவு போடுவது புரமோட்டருக்கு ஏன் லாபம் என்பது இதிலேயே தெரியும். பூங்காவுக்கான விதி மறைமுகமாகத் தெருவையும் துண்டாக்குகிறது. 20 ஏக்கரை ஒரே வரைபடத்தில் போட்டால் குறுக்குத் தெரு இல்லாமல் மனைகளுக்குப் போகவே முடியாது. 2.4 ஏக்கருக்குக் குறுக்குத் தெருவே தேவைப்படாது.

தெருமுனை · 4 ஜனவரி, இரவு 10.05

“இணைப்பு குறைவு” என்பதை எண்ணிக் காட்டலாம். வாதம் செய்ய எண் கையில் இருப்பது நல்லது.

மூன்று அளவு போதும். முதலாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை சந்திப்பு. 100 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு இருந்தால் சுமார் 100 வரும். பார்சிலோனாவில் செர்டா என்ற பொறியாளர் 1859-ல் வரைந்த பகுதியில் கட்டம் 113 மீட்டர், தெரு 20 மீட்டர், ஆக 133 மீட்டருக்கு ஒரு சந்திப்பு. அது சுமார் 56. இரண்டாவது, உண்மைச் சந்திப்புகளைச் சந்திப்பும் முட்டுமுனையும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. முட்டுச்சந்தே இல்லாவிட்டால் 1. மூன்றாவது, தெருத்துண்டுகளின் எண்ணிக்கையை முனைகளின் (சந்திப்பு, முட்டு இரண்டும்; வெறும் வளைவு சேராது) எண்ணிக்கையால் வகுப்பது. மரக்கிளை மாதிரிப் பிரிந்துகொண்டே போகும் தெருவமைப்பில் இது 1-ஐ எட்டாது. பெரிய சதுரக் கட்டத்தில் 2-ஐ நெருங்கும். 1.4-க்கு மேல் இருந்தால் நல்ல இணைப்பு என்பது நகரமைப்பில் பரவலாகச் சொல்லும் வரம்பு.

சங்கிலி66 சொன்ன மாதிரி இரண்டு மனைப்பிரிவு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக வைத்து எண்ணுவோம். ஒவ்வொன்றிலும் கிராமச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு நடுத்தெரு. அதில் இரண்டு நாற்சந்தி. நாலு கிளைத்தெருவும் முட்டு, நடுத்தெருவின் கடைசியும் முட்டு. கிராமச் சாலையில் சேரும் இடத்தையும் சேர்த்து ஒன்றுக்கு 8 முனை, 7 துண்டு. இரண்டையும் கிராமச் சாலைத் துண்டு ஒன்று சேர்க்கிறது. ஆக 16 முனை, 15 துண்டு, விகிதம் 0.94. முட்டுமுனை 10.

நடுச்சுவரை இரண்டு இடத்தில் திறந்து எதிரெதிர்க் கிளைத்தெருக்களைச் சேர்த்துவிட்டால் 12 முனை, 13 துண்டு: 1.08. முட்டு 6. பின்பக்கம் இரண்டு நடுத்தெருக்களின் கடைசியையும் ஒரு தெருவால் சேர்த்தால் 10 முனை, 12 துண்டு: 1.2. முட்டு 4. இரண்டாவது அளவு 0.375-லிருந்து 0.6-க்கு வந்துவிடும். புதிதாகப் போட்டது வெறும் மூன்று துண்டு வழி.

பக்கிங்ஹாம் · 5 ஜனவரி, காலை 6.30

கிராமச் சாலை இரண்டு பக்கமும் வெளியே தொடருமே, அந்த இரண்டு துண்டையும் ஏன் விட்டீங்க? சேர்த்தால் 17/16, 15/12, 14/10. அதாவது 1.06, 1.25, 1.4. கடைசியில் அதே இடம் “நல்ல இணைப்பு” வரம்பைத் தொட்டுவிடுது. இடம் மாறல, எண்ணும் முறைதான் மாறியிருக்கு.

தெருமுனை · 5 ஜனவரி, காலை 8.20

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சின்ன இடத்தை எண்ணும்போது எல்லையில் வெட்டுப்படும் துண்டுகள்தான் முடிவையே மாற்றிவிடுகின்றன. அதனால் ஒரு மனைப்பிரிவுக்கு மட்டும் விகிதம் சொல்லக்கூடாது. குறைந்தது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் எடுக்கணும். சுற்றிலும் 200 மீட்டர் கூடுதலாக வரைபடம் எடுத்து எண்ணிவிட்டு, உள்ளே விழும் முனைகளை மட்டும் கணக்கில் வைக்கணும். இல்லாவிட்டால் எல்லையில் வெட்டுப்பட்ட நல்ல தெருகூட முட்டுச்சந்தாகப் பதிவாகிவிடும்.

கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவை வைத்து எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

நடுவில் தடுப்பு உள்ள இரண்டு இரட்டைச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் ஒரே சந்திப்பு நாலு முனையாக விழும். 10 முதல் 15 மீட்டருக்குள் இருக்கும் முனைகளை ஒன்றாகச் சேர்த்தால்தான் எண்ணிக்கை உண்மையாகும். அதற்கு முன் வரைபடத்தை மீட்டர் அளவுக்கு மாற்றிக்கொள்ளணும். சென்னைக்கு யூடிஎம் என்ற மீட்டர் அளவு முறையில் மண்டலம் 44 வடக்கு. அதிகமாகவும் சேர்க்கக்கூடாது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் 20 மீட்டர் வைத்தால் உண்மையான சந்திப்புகளே காணாமல் போய்விடும்.

வரைந்தவர் தெருவின் நுனியை அடுத்த தெருவோடு ஒட்டாமல் அரை மீட்டர் முன்னாலேயே விட்டிருப்பார். கண்ணுக்கு ஒட்டியது போலத்தான் தெரியும், கணினி முட்டு என்று எண்ணும். புறநகரில் இது நிறைய. ஒவ்வொரு முட்டுமுனையையும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள்.

கேட் போட்ட அடுக்ககங்களின் உள்தெருவைச் சேர்த்தால் சந்திப்பு எண்ணிக்கை பொய்யாகக் கூடும். வெளியாள் போக முடியாத தெரு இணைப்பு ஆகாது. வாகன வலை, நடை வலை இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு தகவல்தான்.

நன்மங்கலம்வாசி · 5 ஜனவரி, மதியம் 1.10

சுற்றுத்தூரத்தையும் ஒரு அளவாக வைக்கலாமே? வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குக் காகம் பறக்கும் தூரம் எவ்வளவு, நடக்கும் தூரம் எவ்வளவு?

தெருமுனை · 5 ஜனவரி, மதியம் 2.00

வைக்கலாம், நடப்பவருக்கு அதுதான் நேராகப் புரியும். சரியான சதுரக் கட்டத்தில் சந்திப்புக்குச் சந்திப்பு இந்த விகிதம் அதிகபட்சம் 1.41, சராசரி 1.27. தெரு நேராக இலக்கை நோக்கிப் போனால் 1. மேலே போட்ட இரட்டை மனைப்பிரிவில், சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள கடைசி வீட்டுக்கும் அந்தப் பக்கம் உள்ள வீட்டுக்கும் 30 மீட்டர் இருக்கும். தெருவழியே போனால் உள்ளே 120, கிராமச் சாலையில் 80, மறுபடி 120, கிளைத்தெருக்கள் இரண்டுக்கும் சேர்த்து 50 என்று வைத்தாலும் 370 மீட்டர். விகிதம் 12-ஐத் தாண்டுகிறது.

பாண்டிபஜார் · 5 ஜனவரி, இரவு 9.30

இன்னொரு பக்கமும் பார்க்கணும் சார். முட்டுச்சந்துன்னா சத்தம் இல்ல, குழந்தைங்க தெருவுல விளையாடலாம், தெரியாத வண்டி வராது. அதுக்காகவே தேடி வாங்குறவங்க இருக்காங்க. தி. நகர் உள்தெருக்கள்ல எல்லா வண்டியும் குறுக்கு வழியாப் புகுந்து ஓடுறதைப் பார்த்தா கட்டத் தெருவை அவ்வளவு புகழ மனசு வரல.

சங்கிலி66 · 6 ஜனவரி, காலை 7.05

நியாயமான கவலை. ஆனால் அமைதி வேண்டும் என்பதற்காக ஆளையும் தடுக்க வேண்டியதில்லை. வண்டிக்கு முட்டு, நடைக்கும் சைக்கிளுக்கும் திறப்பு என்று வைக்கலாம். தெருவின் கடைசியில் 10 அடி நடைவழி விட்டு நடுவில் கம்பம் நட்டால் கார் போகாது. 60 அடி ஆழ மனையை ஒட்டி 10 அடி வழி என்றால் 600 சதுர அடி, கால் கிரவுண்டு. முழு 24 அடித் தெருவாக விட்டால் 1,440 சதுர அடி, அரை கிரவுண்டுக்கு மேல். சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்தால் முதலாவது 30 லட்சம், இரண்டாவது 72 லட்சம். புரமோட்டர் ஏன் விடமாட்டார் என்பதும் இதில் இருக்கிறது. எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதும் இதில்தான்.

கம்பத்து இடைவெளியில் ஒரு சிக்கல் உண்டு. பைக்கின் ஹேண்டில் அகலம் 70 முதல் 80 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியும் கிட்டத்தட்ட அதே அகலம், போக 90 வேண்டும். பைக்கைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால் முதலில் தடைபடுவது நாற்காலியும் குழந்தை வண்டியும்தான். பைக் போனால் போகட்டும் என்று 1.2 மீட்டர் வையுங்கள்.

கலங்கல் · 6 ஜனவரி, காலை 11.45

எல்லாச் சுவரும் புரமோட்டர் போட்டதல்ல. இந்தப் பக்கம் ஊரின் வடிவத்தைத் தண்ணீர்தான் வெட்டியிருக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். போக்குக் கால்வாயின் குறுக்கே தெரு போட வேண்டுமானால் சிறுபாலம் வேண்டும். தனி மனைப்பிரிவு எதுவும் அந்தச் செலவை ஏற்காது. பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய் நிற்கிறது. இரண்டு பெரிய சாலை பக்கத்துப் பக்கத்தில் ஓடியும், சோழிங்கநல்லூர், அதற்கப்புறம் தெற்கே கேளம்பாக்கம்–கோவளம் என்று சில இடத்தில்தான் குறுக்கே போக முடிகிறது. தாம்பரம் ரயில் பாதைக்கும் இதே நிலை.

ஆகவே இணைப்பு வேண்டும் என்பதற்காகக் கால்வாயை மூடித் தெருவாக்கும் யோசனையை இந்த இழையில் யாரும் கொண்டுவர வேண்டாம். அங்கங்கே அது நடந்திருக்கிறது, மழைக்காலத்தில் அதன் பலனும் தெரிகிறது. கரையோரப் புறம்போக்கு அகலமாக இருக்கும் இடத்தில் நடைபாதை போடலாம், நீரோட்டத்தின் அகலத்தில் கை வைக்கக்கூடாது.

கலங்கல் · 6 ஜனவரி, மதியம் 12.30

முட்டுச்சந்தால் போக்குவரத்து மட்டும் கெடுவதில்லை. குடிநீர்க் குழாய் தெருவையே பின்தொடர்கிறது. தெரு முட்டினால் குழாயும் முட்டும். கடைசி வீட்டோடு ஓட்டம் நின்றுவிடுவதால் அங்கே வண்டல் தங்கும், குளோரின் குறையும். முட்டுமுனையில் கழுவு வால்வு வைத்துத் திறந்துவிட்டால்தான் சுத்தமாகும். இரண்டு முட்டு முனையையும் சேர்த்து வளையமாக்கினால் தண்ணீர் இரண்டு பக்கமும் வரும், ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் திறந்து சமாளிக்கலாம். மேலே சொன்ன 10 அடி நடைவழி குழாய் இணைப்புக்குத் தாராளமாகப் போதும்.

பாதாளச் சாக்கடை சரிவில் ஓடுவது. பின்பக்க மனைப்பிரிவு வழியாக நேரே இறங்க வேண்டியது, சுற்றி மெயின் ரோட்டுக்குப் போவதால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். 1:200 சரிவில் 400 மீட்டர் கூடுதல் சுற்று என்றால் 2 மீட்டர் கூடுதல் ஆழம். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இந்தப் பகுதியில் அந்த 2 மீட்டர் தோண்டும் செலவு சின்னதல்ல.

பக்கிங்ஹாம் · 6 ஜனவரி, மாலை 5.15

இந்த வாதத்தை நான் எதிர்பார்க்கல. குடிநீர், கழிவுநீர் ஆட்களும் இணைப்பு கேட்கணும்னா கேட்குற பக்கம் பலம் கூடும்.

சங்கிலி66 · 8 ஜனவரி, காலை 8.00

இது சென்னைக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவைப் பற்றி 2015-லும், உலகம் முழுவதையும் பற்றி 2020-லும் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் புதுத் தெருக்களின் இணைப்பு 1990-களின் நடுப்பகுதி வரை குறைந்து, அப்புறம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. உலகளவில் 1975-க்குப் பின் போட்ட தெருக்கள் மேலும் மேலும் துண்டாகவே இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது: ஒருமுறை போட்ட தெருவமைப்பு நிலைத்துவிடுகிறது, அடுத்து ஒட்டி வளரும் பகுதியும் அதையே தொடர்கிறது. கட்டடம் 40 வருடத்தில் இடிபடும். தெருவின் கோடு நூறு வருடம் தாண்டியும் கிடக்கும்.

நம் ஊரில் இதற்கு அவசரம் ஏன் என்றால், 2011-ல் மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. பெருநகரப் பகுதியை 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசாணை வந்தது. இப்போது வயலாகக் கிடக்கும் இடத்தில் அடுத்த முப்பது வருடத் தெரு இன்னும் வரையப்படவில்லை.

நன்மங்கலம்வாசி · 8 ஜனவரி, காலை 10.40

சுற்றுச்சாலைகள் வருகின்றனவே? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, அதற்கும் வெளியே இன்னொன்று.

சங்கிலி66 · 8 ஜனவரி, காலை 11.30

62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை ஊரையே தாண்டிப் போகும் லாரிக்கு. அது இரண்டு கிலோமீட்டர் போகிறவருக்கு உதவாது. இல்லாதது நடுவில் உள்ள படி: 400, 500 மீட்டருக்கு ஒன்றாக 40 முதல் 60 அடி அகலத்தில் ஊருக்குள் தொடர்ந்து ஓடும் சாலை. சிற்றுந்து ஓட வேண்டியதும் அதில்தான். அது இல்லாததால் பள்ளிக்கூட வேனும் தண்ணீர் லாரியும் வேளச்சேரி–தாம்பரம் சாலையிலும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையிலும் ஏறுகின்றன.

குஜராத்தில் 1976-ம் வருடச் சட்டத்தின் கீழ் நகரமைப்புத் திட்டம் போடுகிறார்கள். சுமார் நூறு ஹெக்டேர் அளவில் எல்லாருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாக்கி, தெருவும் பொது இடமும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவ மனையாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. அகமதாபாத்தின் சர்தார் படேல் சுற்றுச்சாலைக்கு இப்படித்தான் பெரும்பகுதி நிலம் கிடைத்தது. நிலம் இழக்கிறவரின் பரப்பு குறைகிறது, ஆனால் சாலை முகப்பு கிடைக்கிறது. இங்கே தனித்தனிப் புரமோட்டரிடம் “எல்லை வரை ரோடு விடு” என்று கெஞ்சுவதைவிட அது உறுதியான வழி.

பாண்டிபஜார் · 9 ஜனவரி, இரவு 8.45

2017-ல அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தினாங்களே, அப்போ இணைப்பைக் கேட்டிருக்கலாமே?

சங்கிலி66 · 9 ஜனவரி, இரவு 10.10

கேட்டிருக்கலாம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்திய பிறகு வந்த அவசரம் அது. லட்சக்கணக்கில் வாங்கியவர்கள் பதிவு முடியாமல் நின்றார்கள். தெரு எப்படிக் கிடந்ததோ அப்படியே ஏற்பதுதான் அடிப்படையாக இருந்தது. வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனைப்பிரிவை மனைப்பிரிவாக மட்டும் பார்த்தார்கள், பக்கத்து மனைப்பிரிவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அதுதான் இழப்பு.

நன்மங்கலம்வாசி · 11 ஜனவரி, காலை 7.20

ஏற்கெனவே முட்டி நிற்கும் தெருவைத் திறக்க எங்கிருந்து தொடங்குவது? சுவரில் ஓட்டை போட்டால் போலீஸ் வரும், அவ்வளவுதானே!

சங்கிலி66 · 11 ஜனவரி, காலை 9.00

ஓட்டை போட வேண்டாம். காகிதத்தில் தொடங்குங்கள்.

முதலில் கிராம வரைபடம். அதில் வண்டிப்பாதை என்று இரட்டைக் கோடு போயிருந்தால் பாதி வேலை முடிந்தது. அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) அந்த சர்வே எண் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். நிறைய முட்டுச்சந்து, பழைய பாதையை யாரோ வேலி போட்டு விழுங்கியதால் வந்தது. அது ஆக்கிரமிப்பு அகற்றும் விஷயம், நிலம் வாங்கும் விஷயம் அல்ல. நகர அளவை முடிந்த இடத்தில் எண் மாறியிருக்கும். பழைய சர்வே எண்ணுக்கு ஈடான பிளாக், நகர அளவை எண்ணைத் தேடி எடுக்கணும்.

அடுத்து இரண்டு பக்கத்துப் புலப்படமும் (சர்வே எண்ணின் எல்லையும் உட்பிரிவும் அளவோடு உள்ள வரைபடம்). தெரு நுனிக்கும் எல்லைக்கும் நடுவில் தனி உட்பிரிவாக ஒரு அடி, இரண்டு அடி நிலம் நிற்கிறதா? பக்கத்து நிலத்துக்காரர் பிறகு பணம் கொடுத்துத்தான் இணையணும் என்று புரமோட்டர் வைத்துக்கொள்ளும் பட்டை அது. பட்டா யார் பேரில் என்று பாருங்கள்.

மூன்றாவது, தெருக்களை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். அனுமதி வரைபடத்தில் தெரு எல்லை வரை போயிருந்து, தானப் பத்திரமும் அப்படியே இருந்தால், நடுவில் நிற்கும் சுவர் பொதுத்தெருவில் நிற்கிறது. பத்திரத்தில் அந்தக் கடைசி அடி விடுபட்டிருந்தால், அதை வாங்கவோ தானம் பெறவோ வேண்டும். வழி தெளிவாகிவிடும்.

கலங்கல் · 11 ஜனவரி, காலை 10.25

ஆவணம் சரியானாலும் மட்டம் பார்க்காமல் திறக்காதீர்கள். பக்கத்துப் பக்கத் தெருக்களில் ஒன்று மேல்மேல் ரோடு போட்டு ஒன்றரை அடி ஏறியிருக்கும். திறந்த முதல் மழையில் தண்ணீர் எல்லாம் தாழ்ந்த பக்கம் இறங்கும். அந்தப் பக்கத்தார் மறுநாளே சுவரைக் கட்டிவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. உயர்ந்த பக்கத்தில் பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்கணும். சுரண்ட முடியாமல் அந்த 45 சென்டிமீட்டர் வித்தியாசம் அப்படியே நின்றால் 1:20 சரிவுக்கு 9 மீட்டர் நீளம் வேண்டும். சரிவு தொடங்கும் மேல் விளிம்பில் குறுக்கே கம்பி மூடியோடு வடிகால், அது உயர்ந்த பக்க மழைநீர் வடிகாலிலேயே சேரணும். இதை வரைந்து இரண்டு பக்க நலச்சங்கத்துக்கும் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்.

தெருமுனை · 12 ஜனவரி, காலை 6.50

எந்த முட்டுச்சந்தை முதலில் திறப்பது என்பதற்கு ஒரு வழி. ஒரு சதுர கிலோமீட்டரில் எல்லா முட்டுமுனைக்கும் எண் போடுங்கள். 50 மீட்டருக்குள் எதிரெதிரே இருக்கும் ஜோடிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தெருவழித் தூரத்தை நேர்த்தூரத்தால் வகுத்து, பெரிய எண்ணிலிருந்து வரிசைப்படுத்துங்கள். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை எந்த ஜோடிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை. வரிசையின் முதல் பத்தை எடுத்து சங்கிலி66 சொன்ன ஆவணச் சோதனையைச் செய்தால், பாதியாவது புறம்போக்கிலோ தானத் தெருவிலோ நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பாதை புறம்போக்கில் இருப்பதை முதலில் கையில் எடுங்கள், அதற்கு யாரிடமும் நிலம் வாங்க வேண்டியதில்லை.

நன்மங்கலம்வாசி · 12 ஜனவரி, காலை 8.15

நன்மங்கலம்–கோவிலம்பாக்கம் சதுரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். மடிப்பாக்கத்துக்கு யாராவது வாங்க. புலப்படங்களை சர்வே எண் வரிசையில் இங்கேயே போடுவோம், பட்டாதாரர் பெயரை மறைத்துவிட்டு.